பெர்கமோட்: சட்டென்று மறையும் வாசத்துக்கு ஏன் எல்லாச் சூத்திரத்திலும் முதல் இடம்?

தேன்மொழி_க
எல்லாருக்கும் வணக்கம். வாசனைத் திரவியம் கலக்கக் கத்துக்கிட்டு இருக்கேன். அடிப்படைப் பொருட்களை ஒவ்வொண்ணா ஸ்ட்ரிப்பில், அதாவது முகர்ந்து பார்க்கிற காகிதத் துண்டில் தொட்டு, முகர்ந்து, நோட்டில் குறிச்சுட்டு வர்றேன். பெர்கமோட்ங்கிற சிட்ரஸ் பழத்தோல் எண்ணெய்க்கு வந்ததும் நின்னுட்டேன்.

பழைய கொலோனை (செறிவு குறைஞ்ச லேசான திரவியம்) எடுங்க, புது ஆண்கள் திரவியத்தை எடுங்க, வெனிலா வாடை அடிக்கிற கனமான திரவியத்தைக்கூட எடுங்க. பட்டியலில் முதல் பேர் பெர்கமோட்தான். ஆனா ஸ்ட்ரிப்பில் வெச்சா அந்தப் பளிச்சுனு இருக்கிற வாசம் சீக்கிரமே அடங்கிடுது. எலுமிச்சையும் ஆரஞ்சும் இதே வேலையைச் செய்யாதா? அதுங்க எல்லா இடத்திலும் கிடைக்குது, இது கிடைக்கிறது கஷ்டம். அப்படி இருந்தும் ஏன் இதையே தேடிப் போறாங்க?

இன்னொரு சந்தேகமும் இருக்கு. ‘பெர்காப்டன் நீக்கியது’ன்னு ஒரு வகை (வெயிலில் தோலைப் பாதிக்கிற பொருளை எடுத்ததாம்), சாதாரணமா ஒரு வகை, ‘கட்டமைத்தது’ன்னு செயற்கை வகை ஒண்ணு, இப்படி மூணு விக்கிறாங்க. கத்துக்கிறவ எதை வாங்கணும்?

கார்முகில்
வாங்க தேன்மொழி. பெர்கமோட்டைத் தனியா வெச்சு எடை போட்டா அது என்ன செய்யுதுன்னே தெரியாதும்மா. அதோட வேலை தெரியணும்னா பக்கத்துல வேற பொருள் இருக்கணும்.

ஒரு சோதனை சொல்றேன், செஞ்சு பாருங்க. லாவெண்டர், ஜெரேனியம், கொஞ்சம் பச்சோலி இலை எண்ணெய், துளி லாப்டனம்ங்கிற செடிப் பிசின் சேர்த்து ஒரு சின்ன அடித்தளம் கட்டுங்க. அதை மூணு குப்பியில் சமமாப் பிரிங்க. முதல் குப்பியில் எலுமிச்சை, ரெண்டாவதில் இனிப்பு ஆரஞ்சு, மூணாவதில் பெர்கமோட். மூணுக்கும் ஒரே எடை. ஒரு நாள் ஊற விட்டுட்டு மூணு ஸ்ட்ரிப்பில் தொடுங்க. தொட்டதும் முகர்ந்துட்டு எழுந்து போயிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டு ஒரு மணி நேரம் பாருங்க.

எலுமிச்சைக் குப்பியில் முதல்ல எலுமிச்சை வரும், அப்புறம் ஒரு வெறுமை, அப்புறம்தான் லாவெண்டர். ஆரஞ்சுல இனிப்பா ஒரு ஆரம்பம் இருக்கும், ஆனா அது மத்ததோட ஒட்டாம மேலேயே மிதந்துட்டுப் போயிடும். பெர்கமோட் குப்பியில் மட்டும் சிட்ரஸ் எங்க முடிஞ்சது, லாவெண்டர் எங்க தொடங்கிச்சுன்னு உங்களால கோடு போட முடியாது. இந்தச் சேர்க்கைக்காகத்தான் அதைப் போடறோம். எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறது அதுக்குச் சரியான அளவுகோல் இல்ல.

அகிலா_ஆய்வுமேசை
கார்முகில் அண்ணா சொன்னதற்கு வேதியியலில் நேரான காரணம் இருக்கிறது. கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் இந்த எண்ணெய்களை அடுத்தடுத்து ஓட்டினால் பார்த்ததுமே புரிந்துவிடும்.

இனிப்பு ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற சிட்ரஸ் மூலக்கூறுதான். எலுமிச்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன், கூடவே பீட்டா பைனீன், காமா டெர்பினீன், சில சதவீதம் சிட்ரால். பெர்கமோட்டில் லிமோனீன் பொதுவாக 30 முதல் 45 சதவீதம் மட்டுமே. அடுத்ததாக நிற்பது லினலைல் அசிடேட், 22 முதல் 36 சதவீதம். அதன் பின் லினலூல், 3 முதல் 15 சதவீதம் வரை.

இப்போது லாவெண்டரைப் பாருங்கள். லினலைல் அசிடேட் 25 முதல் 45 சதவீதம், லினலூல் 25 முதல் 38 சதவீதம். கசப்பு ஆரஞ்சின் இலையிலிருந்து வடிக்கும் பெட்டிகிரெய்னில் ஏறக்குறைய பாதி லினலைல் அசிடேட். கிளாரி சேஜில் இன்னும் அதிகம். அதாவது பெர்கமோட்டில் ஒரு பாதி சிட்ரஸ் குடும்பம், இன்னொரு பாதி லாவெண்டர் குடும்பம். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் அந்த இரண்டாவது பாதி கிடையாது.

தேன்மொழி, நீங்கள் “அடங்கிடுது” என்று எழுதியதில் ஒரு திருத்தம் சொல்லலாமா? லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ், லினலூலுக்கு 198, லினலைல் அசிடேட்டுக்கு 220. முதலில் கிளம்பிப் போவது லிமோனீனும் பைனீனும்தான். பளிச்சென்ற பகுதி போன பிறகு ஸ்ட்ரிப்பில் மெல்லிய இனிப்போடு, கொஞ்சம் தேயிலை வாசம் மாதிரி ஒன்று நிற்கிறதே, அதுவும் பெர்கமோட்தான். ஏர்ல் கிரே தேநீரில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பகுதி. அடுத்த முறை அந்த இடத்தில் கவனம் வையுங்கள்.

இளவேனில்
இடையில் ஒரு கேள்வி அகிலா அக்கா. லிமோனீன் மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ரெண்டு வடிவம் உண்டு, அதில் வலக்கை வடிவம் ஆரஞ்சு மணக்கும், இடக்கை வடிவம் எலுமிச்சை மணக்கும்னு பாடத்தில் படிச்ச ஞாபகம். அப்போ பெர்கமோட்டில் இருக்கிறது எந்தக் கை?

அகிலா_ஆய்வுமேசை
பல பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது தம்பி, ஆனால் அது சரியல்ல. ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்கமோட் மூன்றிலும் பெருமளவு இருப்பது ஒரே வலக்கை லிமோனீன்தான். எலுமிச்சைக்கு எலுமிச்சை மணத்தைக் கொடுப்பது சிட்ரால். ஆரஞ்சுக்கு ஆரஞ்சு மணத்தைக் கொடுப்பவை ஆக்டனல், டெக்கனல் போன்ற ஆல்டிஹைடுகள், மிகச் சிறிய அளவில். இடக்கை லிமோனீனைச் சுத்தமாக முகர்ந்தால் டர்பன்டைன் சாயல்தான் வரும்.

பெர்கமோட்டில் கை எது என்ற கேள்வி உண்மையில் முக்கியமாகும் இடம் வேறு. கலப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சொல்கிறேன்.

பழம்புட்டி
அன்பர்களே, இந்தப் பழம் எங்கே விளைகிறது என்பதையும் பேசிவிடுவோம். வாசனைத் துறையில் இவ்வளவு குறுகிய நிலத்தை நம்பி இருக்கும் பொருட்கள் வெகு சிலவே.

இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா. அங்கே ரெஜியோ கலாப்ரியா வட்டாரத்தில், மெஸ்ஸீனா நீரிணைக் கரையிலுள்ள வில்லா சான் ஜொவான்னியில் தொடங்கி, முனையைச் சுற்றிக்கொண்டு, அயோனியக் கடலோரமாக ஜொயோசா அயோனிகா வரை நீளும் ஒடுங்கிய கரைநிலம். பின்னால் அஸ்ப்ரொமோந்தே மலை, முன்னால் கடல். உலகில் கிடைக்கும் பெர்கமோட் எண்ணெயில் மிகப் பெரும் பங்கு இந்த நிலத்திலிருந்துதான் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலும் தோட்டங்கள் உண்டு. அந்த எண்ணெயும் சந்தைக்கு வருகிறது, ஆனால் கலாப்ரியாவின் எண்ணெயை அளவுகோலாக வைத்துத்தான் மற்றதை மதிப்பிடுகிறார்கள்.

மரபணு ஆய்வுகளின்படி பெர்கமோட் என்பது கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கூடிப் பிறந்த கலப்பினம். தோட்டங்களில் அதைக் கசப்பு ஆரஞ்சு வேரின் மேல்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஃபெம்மினெல்லோ, கஸ்தஞ்ஞாரோ, ஃபந்தாஸ்திகோ என்று மூன்று வகைகள் உண்டு. இன்று தோட்டங்களில் அதிகம் நிற்பது ஃபந்தாஸ்திகோ. அறுவடை ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். பருவத் தொடக்கத்தில் பழம் பச்சை, எண்ணெயும் பச்சை, வாசத்தில் இலைக் கூர்மை இருக்கும். போகப் போகப் பழம் மஞ்சளாகும், எண்ணெய் மென்மையாகும். ஒரே தோட்டத்து எண்ணெயே மாதத்துக்கு மாதம் வேறுபடுகிறது என்பதைத் தேன்மொழி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய குப்பியும் புதுக் குப்பியும் ஒரே மாதிரி மணக்காவிட்டால் உடனே விற்றவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பெர்கமோட்டைப் புகழுக்குக் கொண்டுவந்தது கொலோன். வட இத்தாலியில் பிறந்த ஜொவான்னி மரியா ஃபரீனா ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறினார். 1709இல் அவர்கள் குடும்ப நிறுவனம் அங்கே தொடங்கியது. அதற்கு முந்தின ஆண்டு சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தாலிய வசந்தகாலத்துக் காலைப்பொழுதை நினைவூட்டும் ஒரு நறுமணத்தைக் கண்டடைந்ததாக அவர் குறிப்பிட்டார். அந்த நறுமணத்தின் நடுநாயகம் பெர்கமோட். அதுவரை கஸ்தூரி, புனுகு, அம்பர் என்று கனமான வாசங்களிலேயே பழகியிருந்த ஐரோப்பிய மூக்குக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேவை பெருகிய பிறகுதான் பயிர் ஒழுங்குபட்டது. 1750இல் நிக்கோலா பரீசி என்பவர் ரெஜியோவில் முதல் முறையான தோட்டத்தைப் போட்டதாகப் பதிவு இருக்கிறது. எண்ணெயை அப்போது கையால்தான் எடுத்தார்கள். பழத்தை இரண்டாக வெட்டி, சதையைத் தோண்டி எடுத்துவிட்டு, தோலைக் கடற்பஞ்சில் வைத்து அழுத்தித் திருகுவார்கள். தோலின் சுரப்பிகள் வெடித்து எண்ணெய் பஞ்சில் ஊறும். பஞ்சைப் பிழிந்தால் கீழே இருக்கும் மண்கலத்தில் எண்ணெயும் நீரும் சேரும், எண்ணெய் மேலே மிதக்கும். ஸ்ஃபுமத்தூரா என்று இந்த முறைக்குப் பெயர். 1844இல் நிக்கோலா பரில்லா ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். கலாப்ரிய இயந்திரம் என்றே அதை அழைத்தார்கள். இன்று முழுப் பழத்தையும் உரசித் தோலை மட்டும் சுரண்டி, நீரில் கழுவி, மையவிலக்கில் எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரங்கள். எந்த முறையானாலும் சூடு படாமல் எடுப்பதுதான் அடிப்படை. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ பழம் வேண்டும்.

1918இல் ரெஜியோ கலாப்ரியாவில் சிட்ரஸ் எண்ணெய்களுக்கென்றே ஒரு அரசு ஆய்வு நிலையம் அமைந்தது. 2001இல் ‘ரெஜியோ கலாப்ரியா பெர்கமோட் நறுமண எண்ணெய்’ ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெயரைப் பெற்றது. பழத்துக்கு அல்ல, எண்ணெய்க்கு என்பதைக் கவனியுங்கள்.

நேர்கோடு
வரலாறு அருமை ஐயா. ஆனாலும் தேன்மொழியின் கேள்விக்கு என் பதில் வேறு.

லினலைல் அசிடேட், லினலூல் இரண்டும் ஆலையில் தயாராகின்றன. லிமோனீன் ஆரஞ்சுச் சாற்றுத் தொழிலின் உபபொருளாகக் குவிகிறது. இவற்றோடு காமா டெர்பினீன், பீட்டா பைனீன், துளி சிட்ரால், ஜெரனைல் அசிடேட் சேர்த்தால் பெர்கமோட்டின் எலும்புக்கூடு கையில் இருக்கிறது. பருவ மாற்றம் இல்லை, பெர்காப்டன் இல்லை, குளிர் வந்து அறுவடை கெட்டது என்ற பிரச்சினை இல்லை. சோப்பு, ஷாம்பு, துணிக் கஞ்சி வாசனைக்கெல்லாம் இயற்கை எண்ணெயைக் கொட்டுவது வீண். காரத்தன்மையிலும் தண்ணீரிலும் அதன் நுணுக்கம் தங்காது.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் கட்டமைத்த பெர்கமோட்டை நீங்களே உங்கள் கையால் கட்டுங்கள். எந்தப் பொருள் எதைச் செய்கிறது என்று அப்போதுதான் தெரியும். இயற்கை என்ற பெயருக்காக ஒன்றை உயர்த்திப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கார்முகில்
நேர்கோடு சார் சொன்ன கடைசிப் பத்தி எனக்கும் சம்மதம். கையால் கட்டிப் பார்க்கணும். கட்டிட்டு நல்ல இயற்கை எண்ணெயைப் பக்கத்தில் வெச்சு முகரணும்.

அந்த எலும்புக்கூட்டில் பெர்கமோட்டுனு அடையாளம் தெரியும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இயற்கை எண்ணெயில் பச்சையா ஒரு கசப்பு இருக்கு, அடியில் மிளகு மாதிரி ஒரு காரம், லேசா புகையிலை வாடை. ஒண்ணு போனதும் இன்னொண்ணு வரும். கட்டமைத்ததில் எல்லாமே ஒரே தட்டில் நிக்குது, லினலைல் அசிடேட் கொஞ்சம் கூடினாலும் சலவைத் தூள் ஞாபகம் வந்துடுது. எத்தனையோ சின்னச் சின்ன பொருள் சேர்ந்து செய்யிற வேலையை ஆறு ஏழு பொருள் செஞ்சுடும்னு என்னால ஒத்துக்க முடியல.

என் பழக்கம் ரெண்டையும் கலந்துக்கிறது. அளவுக்குக் கட்டமைத்தது, முகத்துக்கு இயற்கை. நாலில் ஒரு பங்கு இயற்கை இருந்தாலே மொத்தமும் உயிர் பெறுது.

நேர்கோடு
தோலில் பூசும் நல்ல திரவியத்துக்கு அந்தக் கலப்பு நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் ‘இயற்கை’ என்று வாங்கும் குப்பி உண்மையில் என்ன என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பாதிக்கு மேல் ஆலைச் சரக்கு ஊற்றிய எண்ணெயை இயற்கை என்று நம்பி முகர்ந்துவிட்டு, ‘இயற்கையே தனி’ என்று எழுதுகிறவர்கள் நிறைய.

அகிலா_ஆய்வுமேசை
இளவேனில் தம்பி கேட்ட ‘கை’ இங்கேதான் வருகிறது.

பெர்கமோட் மரம் லினலைல் அசிடேட்டைச் செய்யும்போது கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கை வடிவத்தில், வேதியியலில் ‘ஆர்’ என்று குறிக்கும் வடிவத்தில் செய்கிறது. குளிர்நிலையில் பிழிந்த நல்ல எண்ணெயில் 99 சதவீதத்துக்கு மேல் அந்த வடிவம்தான். ஆலையில் தயாராகும் வழக்கமான சரக்கில் இரண்டு வடிவங்களும் சரிபாதி. கையைப் பிரித்தறியும் குழாய் பொருத்திய குரோமட்டோகிராஃபியில் ஓட்டினால், மற்ற வடிவம் சில சதவீதம் தலைகாட்டினாலும் கலப்படம் என்று தெரிந்துவிடும். லினலூலுக்கும் இதே சோதனைதான்.

இன்னொரு கலப்படம் பழத்திலிருந்தே வருகிறது. பிழிந்த பிறகு மிஞ்சும் தோல் சக்கையையும் கழுவுநீரையும் வடித்து எடுத்த எண்ணெயை நல்ல எண்ணெயில் சேர்ப்பார்கள். வெந்நீரில் லினலைல் அசிடேட்டின் ஒரு பகுதி உடைந்து லினலூலாக மாறிவிடும். கையும் கொஞ்சம் குழம்பும். வாசம் தட்டையாகி, பச்சைத்தன்மை போய், சற்று வெந்த வாடை வரும். பழகிய மூக்குக்கு இது தெரியும். மூக்கை மட்டும் நம்ப முடியாத அளவுக்குத் திறமையாகக் கலப்பவர்களும் உண்டு என்பதால், வாங்கும்போது அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வு அறிக்கையைக் கேளுங்கள். லினலைல் அசிடேட் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதிய அறிக்கை போதாது. அந்தச் சதவீதத்தை எட்ட வைப்பதற்குத்தான் கலப்படமே நடக்கிறது.

வெயில்நிழல்
பெர்காப்டன் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அது விட்டுப்போகக்கூடாத விஷயம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

குளிர்நிலையில் பிழிந்த பெர்கமோட்டில் ஆவியாகாத பகுதி சில சதவீதம் இருக்கும். மெழுகு, கூமரின்கள், ஃப்யூரோகூமரின்கள். அந்த ஃப்யூரோகூமரின்களில் ஒன்று பெர்காப்டன். எண்ணெயில் அரை சதவீதம்கூட இருக்காது, ஆனால் தோலுக்கு அதுவே போதும். பெர்காப்டன் தோலின் செல்களுக்குள் போய் டிஎன்ஏவின் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது. அந்த நேரத்தில் புற ஊதா ஏ கதிர் பட்டால் டிஎன்ஏவோடு வேதிப் பிணைப்பே போட்டுவிடும். தோல் சிவந்து, கொப்பளித்து, பிறகு கருமையாகிறது. அந்தக் கருமை மறையச் சில நேரம் மாதக்கணக்காகும். ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. போதுமான அளவு பெர்காப்டனும் போதுமான வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

1916இல் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் கொலோன் பூசியவர்களுக்கு வந்த இந்தக் கருமையை விவரித்து, பெர்கமோட் எண்ணெயோடு தொடர்புபடுத்தினார். கழுத்தில் கொலோன் வழிந்த தடத்திலேயே தொங்கட்டான் வடிவில் கோடு விழுந்திருக்கும். இதைத் தெரிந்தே, வேகமாகத் தோல் கறுக்க வேண்டும் என்று பெர்கமோட் எண்ணெய் சேர்த்த வெயில் தைலங்களை ஐரோப்பாவில் பிற்பாடு விற்றார்கள். 1995இல் ஐரோப்பிய ஒன்றியம், வெயில் பொருட்களில் ஃப்யூரோகூமரின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது.

வாசனைத் துறைக்கான சர்வதேச அமைப்பான இஃப்ரா வைத்திருக்கும் வரம்பு: தோலில் தங்கும் பொருட்களில், பிழிந்த பெர்கமோட் எண்ணெய் முடிந்த தயாரிப்பில் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கழுவிவிடும் சோப்புக்கு இந்த வரம்பு இல்லை. பிழிந்த லைமுக்கு 0.7, கசப்பு ஆரஞ்சுத் தோலுக்கு 1.25, எலுமிச்சைக்கு 2, கிரேப்ஃப்ரூட்டுக்கு 4 சதவீதம். இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தக் காரணத்துக்காக வரம்பு இல்லை.

பலர் தவறவிடுவது கூட்டல் விதி. இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டால், ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கைத் தின்கிறது என்று பார்த்து, மொத்தம் 100 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். பெர்கமோட் 0.2 போட்டால் அதன் வரம்பில் பாதி. கூட எலுமிச்சை 1 சதவீதம் போட்டால் இன்னொரு பாதி. அதோடு கணக்கு முடிந்தது, லைமுக்கு இடமில்லை.

புற ஊதா ஏ கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்தும் வரும், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சுத்த எண்ணெயை நேராகத் தோலில் தொட்டு முகர்ந்து பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து இன்றே விடுங்கள். ஸ்ட்ரிப் இருக்கிறது.

தேன்மொழி_க
இவ்வளவு விவரமா எழுதுனதுக்கு நன்றி வெயில்நிழல். கணக்கைச் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. நான் கட்ட நினைக்கிறது 15 சதவீதம் வாசனைச் செறிவு, மீதி ஆல்கஹால்னு இருக்கிற திரவியம். செறிவில் பத்தில் ஒரு பங்கு பெர்கமோட். அப்போ முடிந்த தயாரிப்பில் 1.5 சதவீதம். வரம்பு 0.4. கிட்டத்தட்ட நாலு மடங்கு அதிகம். சரியா?

வெயில்நிழல்
மிகச் சரி. அதே பத்தில் ஒரு பங்கை 4 சதவீதச் செறிவுள்ள கொலோனில் போட்டிருந்தால் முடிவில் 0.4தான் வரும், வரம்பின் விளிம்பில் நின்றிருப்பீர்கள். உங்கள் திரவியத்துக்குப் பெர்காப்டன் நீக்கிய எண்ணெய்தான் வழி. வாங்கும்போது மிச்சமிருக்கும் பெர்காப்டன் அளவு அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இளவேனில்
நீக்குறதுன்னா எப்படி? வாசம் கெடாதா?

அகிலா_ஆய்வுமேசை
இரண்டு வழிகள் பொதுவாக இருக்கின்றன. ஒன்று வெற்றிடத்தில் வடிப்பது. பெர்காப்டன் கனமானது, ஆவியாகாமல் கீழே தங்கிவிடும். மேலே வருவது நிறமற்ற அல்லது வெளிர் நிற எண்ணெய். இன்னொன்று காரத்தால் கழுவுவது. பெர்காப்டனில் ஒரு லாக்டோன் வளையம் இருக்கிறது. காரம் அதைத் திறந்துவிடும். திறந்த வடிவம் நீரில் கரையும், கழுவி எடுத்துவிடலாம். கவனமாகச் செய்யாவிட்டால் லினலைல் அசிடேட்டையும் காரம் தொட்டுவிடும்.

வடித்ததில் பெர்காப்டனோடு மெழுகும் மற்ற கனமான பகுதிகளும் போய்விடுகின்றன. அவற்றுக்குத் தனி வாசம் அதிகம் இல்லை, ஆனால் மற்றவை ஆவியாகும் வேகத்தைச் சற்று இழுத்துப் பிடிக்கும். அதனால் நீக்கிய எண்ணெய் இன்னும் பளிச்சென்று, இன்னும் மெலிதாகத் தோன்றுவது இயல்பு. பக்கத்தில் வைத்து முகர்ந்தால்தான் தெரியும். கலவைக்குள் போன பிறகு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

கார்முகில்
கலவைக்குள்ளேயும் எனக்குத் தெரியுது அகிலா, பச்சைக் கசப்பு குறையும். அதை நான் வேற வழியில் ஈடுகட்டறேன். பெட்டிகிரெய்ன் கொஞ்சம் சேர்த்தா அந்தக் கசப்பும் இலை வாசமும் திரும்ப வரும், லினலைல் அசிடேட்டும் கூடுறதால பெர்கமோட் நீளுற மாதிரி இருக்கும். நெரோலி, அதான் கசப்பு ஆரஞ்சுப் பூ எண்ணெய், துளி போட்டா பூவுக்குப் போற வழி திறக்கும். ஹெடியோன்ங்கிற மல்லிகைச் சாயல் செயற்கைப் பொருள் சேர்த்தா காத்தோட்டமா விரியும். வெள்ளை மஸ்க் அடியில் கொஞ்சம். தேன்மொழி, சிட்ரஸ் நிக்கணும்ங்கிற ஆசையில் டைஹைட்ரோமிர்சினால்ங்கிற செயற்கைப் பொருளை அள்ளிப் போட்டுடாதீங்க. நீடிக்கும், ஆனா பெர்கமோட்டோட மென்மையை மூடிட்டு ஒரு உலோகக் கூர்மை மட்டும் முன்னால் வந்து நிக்கும்.

நேர்கோடு
டைஹைட்ரோமிர்சினால் பற்றி இவ்வளவு கடுமை வேண்டாம். 1980களின் ஆண்கள் திரவியங்கள் அதன் மேல்தான் எழுந்தன. அளவோடு போட்டால் பெர்கமோட்டுக்கு நல்ல துணை.

இன்னொரு கேள்வி பழம்புட்டி ஐயாவுக்கு. லாவெண்டரோடு ஏன் சேர்கிறது என்பதை அகிலா விளக்கிவிட்டார். வெனிலா, ஓக் மரப்பாசி, லாப்டனம் மாதிரி கனமானவற்றோடு ஏன் சேர்கிறது? அங்கே பொதுவான மூலக்கூறு ஒன்றும் இல்லையே.

பழம்புட்டி
நல்ல கேள்வி. அங்கே ஒற்றுமை அல்ல, எதிர்நிலைதான் வேலை செய்கிறது.

1917இல் கோட்டி நிறுவனம் வெளியிட்ட ‘ஷிப்ர்’ திரவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெர்கமோட், அடியில் ஓக் மரப்பாசியும் லாப்டனமும். பாசி ஈரமாக, இருட்டாக, மை வாசத்தோடு இருக்கும். பெர்கமோட் இல்லாமல் அதை முகர்ந்தால் மூக்கு பின்வாங்கும். பெர்கமோட்டிலும் கசப்பு இருக்கிறது, பாசியிலும் கசப்பு இருக்கிறது. ஒளியிலிருந்து இருளுக்குப் போகும்போது அந்தக் கசப்பு மட்டும் தொடர்ந்து வருகிறது. எலுமிச்சையின் புளிப்பால் அதைச் செய்ய முடியாது. அந்த ஒரு அமைப்பிலிருந்து ஒரு திரவியக் குடும்பமே பிறந்தது.

1925இல் ழாக் கெர்லான் செய்த ‘ஷாலிமார்’ இன்னும் துணிச்சல். அடியில் வெனிலாவும் எத்தில் வெனிலினும் அத்தனை கனம். அதன் மேல் பெர்கமோட்டை மிக ஏராளமாகப் போட்டிருக்கிறார், சூத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு என்று துறையில் பரவலாகச் சொல்வார்கள். முதல் சில நிமிடங்கள் கூர்மையும் புகையும் மோதும், பிறகு இனிப்பு மெல்ல மேலே ஏறும். பெர்கமோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திகட்டும். இரண்டுமே நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் அமைப்புகள்.

1966இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா செய்த ‘ஓ சவாஜ்’ நேர் எதிர்த் திசை. சிட்ரஸை அடியில் புதைக்காமல், ஹெடியோனைக் கொண்டு அதற்குக் காற்றும் நீளமும் கொடுத்தார். கார்முகில் மேலே சொன்ன உத்தி அங்கிருந்துதான் பரவியது.

தேன்மொழி_க
மூணு குப்பிச் சோதனையைத் தொடங்கிட்டேன் கார்முகில் அண்ணா. எலுமிச்சையில் நீங்க சொன்ன அந்த வெறுமை நல்லாவே தெரியுது. பெர்கமோட்டில் சிட்ரஸ் எப்போ போச்சுன்னு குறிக்கவே முடியல, நோட்டில் அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். பழம்புட்டி ஐயா சொன்னதைப் படிச்ச பிறகு லாவெண்டர் இல்லாம லாப்டனத்தோட மட்டும் இன்னொரு தொகுதி செய்யணும்னு ஆசை.

கடைசியா ஒண்ணு. வாங்கி வெச்ச குப்பியில் அடியில் ஏதோ படிஞ்சிருக்கு. கெட்டுப்போச்சா? எப்படிச் சேமிக்கணும்?

அகிலா_ஆய்வுமேசை
குளிரில் வைத்திருந்தால், பிழிந்த எண்ணெயில் மெழுகும் கூமரின் வகைகளும் படிவது இயல்பு. கெட்டதற்கு அடையாளம் அல்ல. குப்பியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கலக்காமல் மேலிருப்பதை ஊற்றிக்கொள்ளலாம், அல்லது வடிதாளில் வடிக்கலாம். பெர்காப்டன் நீக்கியது என்று விற்ற எண்ணெயில் இப்படிக் கனமாகப் படிந்தால் மட்டும் அறிக்கையை ஒருமுறை சரிபாருங்கள்.

கெடுவது காற்றால்தான். லிமோனீனும் லினலூலும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். புது எண்ணெயை விட இவைதான் தோலில் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஐரோப்பாவில் திரவிய அட்டையில் இந்த இரண்டின் பெயரையும் எழுத வேண்டும் என்ற விதி 2003 முதலே இருக்கிறது. 2023இல் பட்டியலை நீட்டியபோது லினலைல் அசிடேட்டையும் சேர்த்தார்கள்.

பெரிய குப்பியில் பாதி காலியாக வைக்காதீர்கள். சின்னச் சின்ன அடர்நிறக் கண்ணாடிக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்பி, குளிர்பெட்டியில் வையுங்கள். திறந்த தேதியை ஒட்டி எழுதுங்கள். வாசத்தில் பச்சைத்தன்மை போய் டர்பன்டைன், வார்னிஷ் வாடை எட்டிப் பார்த்தால் அந்தக் குப்பியைத் தோலுக்கான எதிலும் சேர்க்காதீர்கள். லாப்டனம் தொகுதி செய்யும்போது அதைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்த பிறகு பெர்கமோட்டைச் சேருங்கள், இல்லாவிட்டால் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கலக்காமல் கிடக்கும்.